பிறர் பெற்ற வரம்

வியன்னா நகரம், 1823ஆம் ஆண்டு. மனநோயாளிகள் விடுதியில் ஒரு முதியவர் அமர்ந்திருக்கிறார். தம் கழுத்தைத் தாமே அறுத்துக்கொண்டு உயிர்விட முயன்று காப்பாற்றப்பட்டவர் அவர். அவருடைய பாவ அறிக்கையைக் கேட்பதற்காக இளம் பாதிரியார் ஒருவர் வருகிறார். முதியவர் தம்முன் உள்ள இசைக்கருவியில் ஒரு மெட்டை வாசித்து, அது யாருடையது என்று தெரிகிறதா என வினவுகிறார். பாதிரியாருக்குத் தெரியவில்லை. இன்னொரு மெட்டை வாசிக்கிறார். ஒரு காலத்தில் ஐரோப்பாவே கொண்டாடிய மெட்டு அது. பாதிரியார் அதையும் அறியார். மூன்றாவதாக ஒரு மெட்டைத் தொடங்குகிறார். நான்கு சுரங்கள் ஒலிப்பதற்குள் பாதிரியாரின் முகம் மலர்கிறது. அவரே அதைத் தொடர்ந்து முணுமுணுக்கிறார். இத்தனை இனிய இசையைப் படைத்தவரா தாங்கள் என்று வியக்கிறார். முதியவர் அமைதியாக மறுக்கிறார். முதல் இரண்டும் தம்முடையவை, மூன்றாவது மோட்சார்ட்டினுடையது.

'அமேடியஸ்' என்னும் ஆங்கிலத் திரைப்படம் இவ்வாறு தொடங்குகிறது. பீட்டர் ஷாஃபர் எழுதி 1979இல் லண்டனில் அரங்கேறிய நாடகத்தைத் தழுவி மிலோஷ் ஃபோர்மன் இயக்கிய இப்படம் 1984இல் வெளிவந்தது. எட்டு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. சிறந்த நடிகருக்கான விருது மோட்சார்ட்டாக நடித்தவருக்குக் கிடைக்கவில்லை. அந்த முதியவராக, அதாவது அந்தோனியோ சாலியெரியாக நடித்த முர்ரே ஆபிரகாமுக்கே கிடைத்தது. இது பொருத்தமானதே. படத்தின் பெயர் மோட்சார்ட்டுடையது. ஆனால் படம் சாலியெரியின் உள்ளத்தைப் பற்றியது. மேதைகள் உலகில் மிகச் சிலர். மேதையின் பக்கத்தில் வாழ நேர்ந்தவர்களோ எண்ணற்றவர்கள். நம்மில் பெரும்பாலோர் இந்த இரண்டாம் வகையினர்தாம். ஆகவே இப்படம் நமக்கு விடுக்கும் கேள்வி நேரடியானது: நாம் வாழ்நாளெல்லாம் வேண்டி நின்ற ஒன்று, நம் கண்ணெதிரே இன்னொருவருக்கு வாரி வழங்கப்பட்டால் நாம் என்ன செய்வோம்?

ஓர் ஒப்பந்தம்

இத்தாலியின் சிற்றூர் ஒன்றில் ஒரு வணிகரின் மகனாகப் பிறந்த சாலியெரி, சிறுவனாக இருக்கும்போதே தேவாலயத்தில் மண்டியிட்டு இறைவனிடம் வேண்டுகிறான். இசையினால் உம்மைப் போற்ற எனக்கு அருள்புரிவீர்; என்னைப் புகழ்பெற்ற இசையமைப்பாளன் ஆக்குவீர்; அதற்கு ஈடாக என் பிரமசரியத்தையும், உழைப்பையும், பணிவையும் உமக்குத் தருகிறேன் என்பது அவனுடைய பிரார்த்தனையின் சாரம். தந்தையோ இசையை விரும்பாதவர். சிறிது காலத்தில் அவர் உணவு தொண்டையில் சிக்கி இறந்துபோகிறார். மகனுக்கு இசைக்கல்வியின் வழி திறக்கிறது. இறைவன் தன் வேண்டுகோளை ஏற்றுக்கொண்டார் என்று சிறுவன் மகிழ்கிறான்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். பெற்ற தந்தையின் மரணத்தையே ஒப்பந்தம் உறுதியானதற்கு அடையாளமாகக் கொள்ளும் ஓர் உள்ளம் இது. பிற்காலத்தில் அவ்வுள்ளம் சென்று சேரப்போகும் இடத்தின் விதை இங்கேயே விழுந்துவிட்டது. அந்தப் பிரார்த்தனையில் இரண்டு ஆசைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. 'இறைவன் போற்றப்பட வேண்டும்' என்பது ஒன்று; 'போற்றுபவன் நானாக இருக்க வேண்டும்' என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே வாக்கியத்தில் வருவதால் சிறுவனுக்கு அவை ஒன்றாகவே தோன்றுகின்றன. நமக்கும் அப்படித்தான் தோன்றும். நாட்டுக்கு நன்மை நடக்க வேண்டும், அதை நான் செய்ய வேண்டும். இந்தப் பள்ளி வளர வேண்டும், என் தலைமையில் வளர வேண்டும். எல்லாம் நன்றாக நடக்கும்வரை இவ்விரண்டு ஆசைகளையும் பிரித்தறிய வழியே இல்லை. வாழ்க்கை ஒருநாள் அவற்றைப் பிரித்து, நம் முன் தனித்தனியே வைக்கிறது. அன்றுதான் எது உண்மையான ஆசை, எது அதன் மேற்போர்வை என்பது தெரியவரும்.

சாலியெரிக்கு அந்த நாள், வியன்னாவில் மாமன்னர் இரண்டாம் ஜோசப்பின் அரசவை இசையமைப்பாளராக வாழும்போது வருகிறது. மோட்சார்ட் அந்நகருக்கு வருகிறார். அத்தனை பெரிய மேதையைக் காண ஆவலோடு செல்லும் சாலியெரி, உணவறையில் ஒரு பெண்ணைத் துரத்திக்கொண்டு தரையில் புரண்டு, அருவருக்கத்தக்க சொற்களைப் பேசிச் சிரிக்கும் ஓர் இளைஞனைப் பார்க்கிறார். சற்று நேரத்தில் அடுத்த கூடத்திலிருந்து இசை எழுகிறது. அந்த இளைஞனே அதைப் படைத்தவன் என்று அறிகிறார். இறைவனின் குரலையே கேட்பதாக உணர்கிறார். இறைவன் போற்றப்பட்டுவிட்டார். போற்றியவன் மட்டும் வேறொருவன்.

முதல் ஆசை உண்மையானதாக இருந்திருந்தால், அந்தக் கணம் சாலியெரியின் வாழ்க்கையிலேயே மகிழ்ச்சியான கணமாக இருந்திருக்க வேண்டும். அவர் எதைக் கேட்டாரோ அது நிறைவேறிவிட்டது. ஆனால் அவர் துடிக்கிறார். பின்னர் ஒருநாள் சுவரிலிருந்த சிலுவையை எடுத்து நெருப்பில் இடுகிறார். இனி இறைவனும் தாமும் பகைவர் என்று அறிவிக்கிறார். மோட்சார்ட்டை அழிப்பது, அவரைத் தம் குரலாகத் தேர்ந்தெடுத்த இறைவனைப் பழிவாங்கும் வழியாகிறது.

கேட்கத் தெரிந்த செவி

இப்படத்தில் நெஞ்சைத் தொடும் முரண் ஒன்று உண்டு. மோட்சார்ட்டின் பெருமையை முழுமையாக அறிந்தவர் வியன்னாவிலேயே ஒருவர்தான், அவர் சாலியெரி. மாமன்னர் மோட்சார்ட்டின் இசையில் சுரங்கள் அதிகம் என்று குறை சொல்கிறார். மற்றொரு முறை அவருடைய இசைநாடகத்தின் நடுவே கொட்டாவி விடுகிறார். அவையினருக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. மோட்சார்ட்டின் மனைவி, கணவருக்கு ஒரு வேலை கிடைக்காதா என்ற தவிப்பில், அவருக்குத் தெரியாமல் கையெழுத்துப் பிரதிகளைக் கொண்டுவந்து காட்டுகிறாள். சாலியெரி அவற்றைப் பார்க்கிறார். தாளைக் கண்ட மாத்திரத்தில் இசை அவருடைய செவியில் ஒலிக்கிறது. பேரழகின் முன் கைகள் தளர, தாள்கள் தரையில் சிதறுகின்றன.

படைக்கும் ஆற்றல் ஒரு வரம் என்றால், படைப்பை உணரும் ஆற்றலும் ஒரு வரமே. சாலியெரிக்கு அந்த இரண்டாவது வரம் நிறைவாகவே வழங்கப்பட்டிருந்தது. மோட்சார்ட்டின் 'டான் ஜொவான்னி' இசைநாடகம் வியன்னாவில் ஐந்து முறைக்கு மேல் நடைபெறாதவாறு சூழ்ச்சி செய்பவரும் அவரே. அந்த ஐந்து முறையும் மறைவாக வந்தமர்ந்து, தொழுவதுபோல் கேட்பவரும் அவரே. தமக்குக் கிடைத்த வரத்தையே அவர் தண்டனையாக மாற்றிக்கொள்கிறார். உணரும் திறன் இல்லாதவனுக்குப் பொறாமை வருவதில்லை. ஆகவே ஒருவர் மீது நமக்கு அழுக்காறு தோன்றும்போது, அதற்குள் ஒரு நல்ல செய்தியும் மறைந்திருக்கிறது: அவரிடம் உள்ள நன்மையைக் காணும் கண் நமக்கு இருக்கிறது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நாம் வணங்கப் போகிறோமா, குழிபறிக்கப் போகிறோமா என்பதுதான் கேள்வி.

கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் இதைத் தெளிவாகப் பகுத்துக் காட்டியிருக்கிறார். பிறர் பெற்ற நன்மையைக் கண்டு இருவகைத் துன்பம் தோன்றலாம். 'அது அவனிடம் இருக்கிறதே' என்பது ஒரு துன்பம். 'அது என்னிடம் இல்லையே' என்பது மற்றொன்று. முன்னது பொறாமை. அது அடுத்தவனிடமிருந்து அந்த நன்மையை நீக்க முயல்கிறது. பின்னது, அந்த நன்மைக்குத் தன்னைத் தகுதியாக்கிக்கொள்ள முயலும் உயர்ந்த ஊக்கம். காலத்தாலும் இடத்தாலும் வயதாலும் தொழிலாலும் நமக்கு நெருங்கியவர்கள் மீதே பொறாமை எழுகிறது என்றும் அவர் குறிப்பிடுகிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கவிஞர் மீது எந்தக் கவிஞரும் பொறாமை கொள்வதில்லை. அடுத்த தெருவில் இருக்கும் கவிஞர் மீதே கொள்கிறார். ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட்டோ, பிறருடைய நலம் நம்முடைய நலத்தைச் சிறிதும் குறைக்காதபோதும் அதைக் கண்டு வருந்தும் இயல்பே பொறாமை என்கிறார். மோட்சார்ட் வந்ததால் சாலியெரியின் பதவி போகவில்லை, சம்பளம் குறையவில்லை, கைதட்டலும் ஓயவில்லை. குறைந்தது ஒப்பீட்டில் மட்டுமே.

நியாயமான முறையீடுதானா?

சாலியெரிக்காக ஒருவர் இப்படி வாதிடலாம்: 'அவர் நேர்மையாக உழைத்தார், ஒழுக்கத்தோடு வாழ்ந்தார், ஏழை மாணவர்களுக்குக் கற்பித்தார். மறுபுறம் ஒழுங்கற்ற, பணிவற்ற ஓர் இளைஞன். இறைவன் அவனுக்கு அள்ளிக் கொடுத்தது அநீதி அல்லவா?' இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நல்லவர்கள் பலர் தனிமையில் இதே கேள்வியைக் கேட்டு அழுதிருக்கிறார்கள்.

இதற்கு நாம் மூன்றைச் சொல்லலாம். முதலாவது, திறமை ஒழுக்கத்துக்குக் கூலியாகத் தரப்படுவதன்று. அப்படித் தரப்பட்டால் ஒழுக்கம் வெறும் முதலீடாகிவிடும். சாலியெரி இழந்தது இறைவனை மட்டுமன்று. தம் நற்பண்புகளையும் இழந்தார். விலையாகக் கொடுக்கப்பட்ட நற்பண்பு, பொருள் கைக்கு வராதபோது திரும்பப் பெறப்பட்டுவிடும். அவருடைய பணிவு புகழுக்காகக் கொடுத்த முன்பணமாக இருந்ததால்தான், புகழில் பங்கு கேட்க ஒருவர் வந்தவுடன் அது கொடுமையாக மாறிற்று.

இரண்டாவது, பொறாமை கொண்ட கண் பிறருடைய பலனைக் காணுமேயன்றி, அதன் பின்னுள்ள விலையைக் காணாது. படத்தில் மோட்சார்ட்டின் பிரதிகளில் ஓர் அடித்தல் திருத்தல்கூட இல்லை. எல்லாம் மேலிருந்து இறங்கியதாகக் காட்டப்படுகிறது. உண்மை வேறு. 1785இல் தம் ஆறு நால்வர் இசைத்தொகுப்புகளை மூத்த இசைமேதை ஹைடனுக்குக் காணிக்கையாக்கியபோது, அவை நெடிய கடும் உழைப்பின் கனிகள் என்று மோட்சார்ட்டே எழுதினார். பிறந்த ஆறு குழந்தைகளில் நால்வரை அவர் பறிகொடுத்தார். கடன்காரராகவே 1791 டிசம்பர் 5ஆம் நாள், 35ஆம் வயதில் மறைந்தார். அவருடைய இசையை விரும்புகிறவர்கள் அவருடைய வாழ்க்கையையும் சேர்த்து ஏற்க முன்வருவார்களா? எவர் மீது பொறாமை கொள்கிறோமோ அவருடைய வாழ்க்கையிலிருந்து ஒரு பகுதியை மட்டும் வெட்டியெடுத்துத்தான் நாம் பொறாமை கொள்கிறோம்.

மூன்றாவது, இவ்வளவும் சொன்ன பிறகும் கேள்வி முழுவதும் தீர்ந்துவிடுவதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சிலருக்கு ஏன் அதிகம், சிலருக்கு ஏன் குறைவு என்பதற்கு இப்படம் விடை தரவில்லை. விடை தருவதாகச் சொல்லும் தத்துவங்களும், துன்பப்படுபவனின் முன்னிலையில் சற்றுத் தயங்கவே செய்யும். ஆனால் வாழ்வதற்கு அந்த விடை தேவையில்லை. எனக்கு எவ்வளவு தரப்பட்டது என்பது என் கையில் இல்லை. தரப்பட்டதைக் கொண்டு நான் என்ன ஆகிறேன் என்பது என் கையில் இருக்கிறது. சாலியெரி முதற்கேள்வியிலேயே வாழ்நாளைச் செலவிட்டு, இரண்டாவதை மறந்துவிட்டார்.

ஓர் இரவு

படத்தின் இறுதிப் பகுதியில் மோட்சார்ட் நோயுற்றுப் படுக்கையில் கிடக்கிறார். இறந்தோருக்கான பிரார்த்தனை இசை ஒன்றை எழுதிமுடிக்க வேண்டும், எழுத வலுவில்லை. சாலியெரி தாம் எழுதித் தருவதாக முன்வருகிறார். அந்த இசையைக் கவர்ந்து தம்முடையதென்று அறிவிப்பதே அவருடைய உள்நோக்கம். மோட்சார்ட் ஒவ்வொரு குரலாக, ஒவ்வொரு கருவியாகச் சொல்லச் சொல்ல, சாலியெரி எழுதுகிறார். வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுகிறார். ஓரிடம் புரியாமல் தடுமாறுகிறார். திடீரென்று புரிந்தபோது அவர் முகத்தில் ஓர் ஒளி பரவுகிறது. அந்தச் சில மணி நேரத்தில் அவர் தம் சூழ்ச்சியையும் மறக்கிறார்; தம்மையும் மறக்கிறார். படம் முழுவதிலும் சாலியெரி உண்மையாகவே ஆனந்தமாக இருப்பது அந்த ஓர் இரவில்தான் என்று எனக்குத் தோன்றியது. பின்னர் மோட்சார்ட், தங்களுக்கு என்னைப் பிடிக்காது என்று எண்ணியிருந்தேன், என்னை மன்னியுங்கள் என்று கேட்கிறார். தம்மைக் கொல்ல வந்தவரிடமே மன்னிப்புக் கேட்கிறார்.

இக்காட்சியைக் கண்டபோது என் நினைவுக்கு வந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பு என் அன்றாடப் பணி. பல ஆண்டுகளுக்கு முன், ஒரே கட்டுரையை எனக்கும் வயதில் இளையவரான ஒரு பிரமசாரிக்கும் கொடுத்து, இருவரையும் தனித்தனியே தமிழாக்கச் சொன்னார்கள். அவருடைய படியை என்னிடமே சரிபார்க்கக் கொடுத்தார்கள். முதல் பக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அது என்னுடையதைவிடச் சிறந்தது என்று. ஆயினும் சிவப்புப் பென்சிலை எடுத்துப் பிழை தேடினேன். எட்டுப் பக்கங்களில் இரண்டு பிழைகள் கிடைத்தன. கிடைத்தபோது என் மனத்தில் எழுந்த மகிழ்ச்சியை நினைத்தால் இன்றும் நாணுகிறேன். அந்த இரண்டையும் வட்டமிட்டேன். மற்றவை நன்றாக இருக்கின்றன என்று ஒரு வரிகூட எழுதவில்லை. மறுநாள் அவர் என்னிடம் வந்து, "சுவாமிஜி, இந்த இரண்டும் என் கண்ணில் படவே இல்லை. நீங்கள் பார்த்ததால் தப்பித்தேன்" என்று கைகூப்பினார். நான் செய்தது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

மொழிபெயர்ப்பாளனின் வேலையும் அந்த இரவில் சாலியெரி செய்த வேலைதான். வேறொருவர் சொல்ல, நாம் எழுதுகிறோம். குரல் நம்முடையதன்று; கை நம்முடையது. அந்தக் கை தூய்மையாக இருந்தால் அதுவே போதும் என்பதை நான் அறிந்துகொள்ள ஓர் இளைஞரின் நன்றி தேவைப்பட்டது.

வரலாறு சொல்வது

திரைப்படம் கற்பனை கலந்தது என்பதையும் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். மோட்சார்ட்டைச் சாலியெரி கொன்றார் என்பது அக்காலத்தில் பரவிய வதந்தி. ரஷ்யக் கவிஞர் புஷ்கின் 1830இல் அதை ஒரு சிறு நாடகமாக்கினார். ஷாஃபரின் நாடகம் அதே வழியில் வந்தது. உண்மையான சாலியெரி துறவியல்லர். மனைவியும் எட்டுக் குழந்தைகளும் உடையவர். பீத்தோவன், ஷூபர்ட், லிஸ்ட் ஆகிய மூவரும் அவரிடம் பயின்றவர்கள். பீத்தோவன் தம் வயலின் படைப்புகள் மூன்றை அவருக்குக் காணிக்கையாக்கினார். மோட்சார்ட் இறந்த பிறகு அவருடைய இளைய மகனுக்கும் சாலியெரி இசை கற்பித்தார். 1791 அக்டோபரில் மோட்சார்ட் தம் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், சாலியெரியைத் தாம் வண்டியில் அழைத்துச் சென்றதையும், 'மாயப் புல்லாங்குழல்' இசைநாடகத்தின் ஒவ்வொரு பகுதியையும் அவர் மனமாரப் பாராட்டியதையும் மகிழ்ச்சியோடு விவரிக்கிறார். இருவரும் பங்கேற்று 1785இல் இசையமைத்த ஒரு பாடல், பிராகா நகரிலுள்ள செக் இசை அருங்காட்சியகத்தில் கண்டெடுக்கப்பட்டு 2016இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பிறருடைய இசையைத் தம்முடையதாகக் காட்டிக்கொள்ள விரும்பி அந்தப் பிரார்த்தனை இசையை எழுதச் செய்தவரும் சாலியெரி அல்லர். வால்செக் என்னும் பிரபு.

ஆதாரமற்ற அந்த வதந்தி ஏன் இருநூறு ஆண்டுகளாக உயிரோடிருக்கிறது? ஒருவன் தன்னைவிடச் சிறந்தவனைச் சகித்திருக்க முடியும் என்பதை நாம் எளிதில் நம்புவதில்லை. நம் உள்ளத்தில் இருப்பதையே சாலியெரியின் மீது ஏற்றிப் பார்க்கிறோம். இறந்துபோன ஒரு நல்லாசிரியரின் பெயருக்கு நம் அழுக்காறு இவ்வாறு களங்கம் சேர்த்திருக்கிறது.

படம் காட்டாத இன்னொருவரும் அக்காலத்தில் இருந்தார். அவர் ஹைடன். மோட்சார்ட்டைவிட 24 வயது மூத்தவர். ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்றவர். பொறாமை கொள்ளக் காரணம் உடையவர் அவரே. 1785 பிப்ரவரியில் மோட்சார்ட்டின் தந்தையைச் சந்தித்தபோது, தாம் அறிந்த இசையமைப்பாளர்களில் உங்கள் மகனே தலைசிறந்தவர் என்று இறைவன் சாட்சியாகக் கூறினார். 1787இல் பிராகாவிலிருந்து இசைநாடகம் கேட்டு ஒருவர் எழுதியபோது, மோட்சார்ட்டின் அருகில் எவரும் நிற்பது அரிது என்று சொல்லித் தயங்கி, அந்த மேதைக்கு இன்னும் நல்ல பதவி கிடைக்கவில்லையே என்று வருந்தி விடையெழுதினார். இதனால் ஹைடன் சிறியவராகிவிட்டாரா? தொடர்ந்து இசையமைத்தார், மோட்சார்ட் மறைந்த பிறகும் தம் மிகப் பெரிய படைப்புகள் சிலவற்றைத் தந்தார். பிறரைப் பெரியவர் என்று சொல்ல முடிந்ததனால் அவருடைய நாட்கள் புழுங்கிப் போகவில்லை.

நாம் செய்யக்கூடியது

யோக சூத்திரத்தில் பதஞ்சலி முனிவர் மனத்தெளிவுக்கு நான்கு பாவனைகளைக் கூறுகிறார். இன்பமுற்றோரிடம் நட்பு, துன்பமுற்றோரிடம் கருணை, புண்ணியரிடம் மகிழ்ச்சி, பாவத்தினிடம் உபேட்சை. மூன்றாவதான மகிழ்ச்சியை 'முதிதை' என்பர். இந்நான்கில் கருணை நமக்கு ஓரளவு எளிது. அழுபவனின் அருகில் அமர பலர் வருவார்கள். வென்றவனின் அருகில் மனமார நிற்பவர் சிலரே. ஆகவே முதிதையைப் பயிற்சியாகவே மேற்கொள்ள வேண்டும்.

பொறாமை தோன்றாமலிருக்க நம்மால் இயலாது. தோன்றியபின் அடுத்த செயலைத் தேர்ந்தெடுக்க இயலும். அலுவலகத்தில் உடன்பணியாற்றுபவர் நம்மைவிட நன்றாக ஒன்றைச் செய்தால், பிறர் சொல்வதற்கு முன் நாமே அதை நாலு பேர் கேட்கச் சொல்லலாம். முதலில் அது நாவில் கசக்கும். கசப்பு இருக்கும்போது சொல்வதுதான் பயிற்சி. பக்கத்து வீட்டுப் பிள்ளை நம் பிள்ளையைவிட அதிக மதிப்பெண் பெற்றால், வீட்டுக்குள் நாம் பேசும் முதற்சொல் எது என்பதைக் கவனிக்கலாம். அச்சொல்லிலிருந்துதான் நம் பிள்ளை பொறாமையையோ பெருந்தன்மையையோ கற்கிறது. பிரார்த்தனை செய்பவர்கள், தம் வேண்டுகோளிலுள்ள 'நான்' என்ற சொல்லை நீக்கிவிட்டு அதை மறுபடியும் சொல்லிப் பார்க்கலாம். அப்போதும் அந்த வேண்டுகோள் உயிரோடிருந்தால் அது தூய்மையானது.

எனக்கும் அந்த இளைஞருக்கும் இடையே நடந்தது அத்துடன் முடியவில்லை. சில நாட்கள் கழித்து, என் படியை அச்சுக்கு அனுப்ப வேண்டாம், அவருடையதை அனுப்புங்கள் என்று பொறுப்பாளரிடம் சொன்னேன். சொல்வதற்குச் சில நாட்கள் பிடித்தன என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அச்சில் வந்த அந்தக் கட்டுரையைப் பிறகு பலமுறை படித்திருக்கிறேன். இப்போது அதில் நான் பிழை தேடுவதில்லை.

மோட்சார்ட் பெற்ற ஞானஸ்நானப் பெயர்களுள் ஒன்று 'தியோஃபிலஸ்'. அதன் லத்தீன் வடிவமே 'அமேடியஸ்'. இறைவனின் அன்புக்குரியவன் என்பது பொருள். அந்தப் பெயர் தமக்குக் கிடைக்கவில்லையே என்பதுதான் படத்தில் வரும் சாலியெரியின் வாழ்நாள் துயரம். ஆனால் அந்த இசையைக் கேட்டு உருகும் செவியை அவருக்குத் தந்தவர் யார்? அதை ஒருமுறை கேட்டிருந்தால், அந்தப் பெயர் தமக்கும் உரியது என்று அவர் அறிந்திருப்பார்.